கக்கூஸ் கணக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூட வேலை பார்க்கிற பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, நீல வெளிச்சம். உள்ளே எண்ணிப் பார்த்தேன், ஒன்பது மீன். கீழே ஒரே வரி: "அண்ணா, இன்னும் எத்தனை விடலாம்?" மதுரைக்காரன், தென்னாப்பிரிக்காவில் இந்த டர்பனுக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நான் கடல்மீன் வளர்ப்பவன் என்பது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும், இந்த மாதிரிக் கேள்விகள் என்னிடம்தான் வரும், உடனே பதிலும் போட்டுவிடுவேன். இதற்கு மட்டும் போட முடியவில்லை. "ஒன்றுமே விடாதே" என்று தட்டி அழித்தேன். "தொட்டி எத்தனை லிட்டர்?" என்று தட்டி அதையும் அழித்தேன். லிட்டர் கேட்டால் அவன் ஒரு எண் சொல்வான், பதிலுக்கு நான் ஒரு எண் சொல்ல வேண்டியிருக்கும். அந்த மாதிரி ஓர் எண்ணை நம்பித்தான் நான் 2019இல் ஒரே இரவில் பத்து மீன்களைக் கொன்றேன்.

தூத்துக்குடிக்காரனுக்குக் கடல்மீன் என்றால் குழம்பு, இல்லாவிட்டால் கருவாடு. கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்பதெல்லாம் எங்கள் தெருவில் யாருக்கும் தோன்றியதில்லை. வேலைக்காக இங்கே வந்து சில வருஷம் கழித்து, பாயிண்ட் பக்கம் இருக்கிற உஷாகா கடல் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். பழைய கப்பல் ஒன்றின் வயிற்றுக்குள் நுழைவது மாதிரிக் கட்டியிருக்கிறார்கள், இருட்டில் நடந்துகொண்டே இரண்டு பக்கமும் கண்ணாடி வழியாகக் கடலைப் பார்க்கலாம். பிள்ளைகள் சுறாவைப் பார்த்தார்கள். நான் ஒரு மூலையில் வண்ணாத்தி மீன் இரண்டு ஜோடியாகப் பாறை இடுக்கைக் கொத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊரில் வலையில் செத்துக் கிடக்கத்தான் பார்த்திருக்கிறேன், அது இப்படி நடக்கும் என்றே தெரியாது. வண்டியில் ஏறும்போது முடிவு செய்தாகிவிட்டது. மனைவிக்குச் சொல்ல மட்டும் ஒரு மாதம் ஆனது.

ரிசர்வாயர் ஹில்ஸில் எங்கள் வீட்டு முன்னறையில் நாலடித் தொட்டி வந்தது. 120 செண்டிமீட்டர் நீளம், அகலமும் உயரமும் 45. பெருக்கினால் 243 லிட்டர் வருகிறது. அந்த 243ஐ நான் எவ்வளவு பெருமையாக எல்லாரிடமும் சொன்னேன் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. மணலும் பாறையும் போட்டு, விளிம்புக்குக் கீழே இரண்டு விரல் விட்டு ஊற்றினால் உள்ளே நின்ற தண்ணீர் 190ஐத் தாண்டவில்லை. வாளியால் ஊற்றியவன் நான்தான், எத்தனை வாளி என்று எனக்குத்தான் தெரியும், ஆனாலும் யாராவது கேட்டால் 243தான்.

முதல் ஆறு வாரம் ஒழுங்காக இருந்தேன். மீன் இல்லாமல் தொட்டியை ஓட்டி, பாறையில் நுண்ணுயிர்கள் குடியேறும்வரை காத்திருந்தேன். கடல்மீன் வைத்திருக்கிறவர்களுக்கு இது தெரிந்த கதை: மீனின் செவுளிலிருந்து வருகிற அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும், நைட்ரேட்டை நாம் தண்ணீர் மாற்றிக் குறைக்க வேண்டும். கடல் தண்ணீரின் பிஎச் 8.2 பக்கம் நிற்பதால் நன்னீர் வளர்ப்பவர்களைவிட நமக்குத்தான் அம்மோனியா பயம் அதிகம், பிஎச் ஒன்று ஏறினால் அதன் விஷ வடிவம் ஏறக்குறைய பத்து மடங்கு ஏறிவிடும். இதையெல்லாம் படித்து மனப்பாடம் செய்திருந்தேன். பரீட்சை வைத்திருந்தால் நூற்றுக்கு நூறு.

அப்புறம் மீன் வாங்க ஆரம்பித்தேன்.

ஒவ்வொரு மீனுக்கும் ஒரு காரணம் இருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை. கிளவுன் மீன் இரண்டு, பிள்ளைகளுக்காக. குரோமிஸ் ஐந்து, கூட்டமாக நீந்தினால் அழகு, ஒன்று இரண்டு வாங்கினால் கூட்டம் ஆகாதே. மணலைச் சலிக்க ஒரு கோபி, அது மீன் இல்லை, வேலைக்காரன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்ய ஒரு கிளீனர் ராஸ், அதுவும் வேலைக்காரன்தான். டாம்செல் இரண்டு, மலிவு. கோரல் பியூட்டி ஒன்று, என் பிறந்தநாள். ஒரு வண்ணாத்தி, அது இல்லாமல் இந்த வேலையே எதற்கு. கடைசியாகப் பவுடர் புளூ டாங். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து அந்தமான் வரை இந்தியப் பெருங்கடலில் இருக்கிற மீன், என் ஊருக்கும் நான் இருக்கிற ஊருக்கும் பொதுவான சொந்தக்காரன் மாதிரி. கடையில் கண்ணாடி ஓரம் வந்து என்னையே பார்த்தது. கடைக்காரர் "தாராளமாகப் போடலாம்" என்றார். அவர் வேறு என்ன சொல்வார். மொத்தம் பதினாலு.

இதற்கு என்னிடம் கணக்கும் இருந்தது. நன்னீர்க்காரர்கள் அங்குலத்துக்கு நாலு லிட்டர் என்று ஒரு பழைய கணக்கு வைத்திருக்கிறார்கள். கடல் மீன் என்பதால் நான் லிட்டரை இரட்டிப்பாக்கினேன், அங்குலத்துக்கு எட்டு லிட்டர். 243ஐ எட்டால் வகுத்தால் முப்பது அங்குலம். என் பதினாலு மீனும் சேர்ந்து இருபத்தொன்பது அங்குலம். இன்னும் ஓர் அங்குலம் பாக்கி இருக்கிறது, ஒரு குட்டி மீன் விடலாமா என்றுகூட யோசித்தேன், சத்தியமாக. அங்குலக் கணக்கு எவ்வளவு அபத்தம் என்று தூத்துக்குடி மார்க்கெட்டில் கூடை தூக்குகிற அக்காவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஒரு மீன் ஆறு மடங்கு நீளமானால் அதன் எடை இருநூறு மடங்குக்கு மேல் ஏறும். ஆறு நெத்திலியைத் தலைக்கு வால் வரிசையாக வைத்து, இதுவும் ஒரு சீலாவும் ஒன்று என்றால் யார் காசு கொடுப்பார்கள்? தின்பதும் கழிப்பதும் எடைக்குத்தான், நீளத்துக்கு இல்லை. அதுவும் நான் அளந்தது கடையிலிருந்து வந்த குட்டிகளை. அந்த டாங் வளர்ந்தால் ஒரு சாண் தாண்டும்.

எல்லாம் நன்றாக இருந்தது

பிரச்சினை என்னவென்றால், ஒன்றரை வருஷம் எல்லாம் நன்றாக இருந்தது. வாரா வாரம் சோதிப்பேன். அம்மோனியா பூச்சியம், நைட்ரைட் பூச்சியம். சோதனைக் குழாயில் அந்த மஞ்சள் நிறம் வரும்போது ஒரு நிம்மதி. அந்தப் பூச்சியம் என்ன சொல்கிறது என்று யோசித்ததே இல்லை. மிச்சம் எவ்வளவு என்பதைத்தான் அது சொல்லும், மிச்சமில்லாமல் செய்ய உள்ளே எவ்வளவு பேர் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதைச் சொல்லாது. அடுப்பங்கரையில் பாத்திரம் கிடக்கவில்லை என்பதால் வீட்டில் விருந்தாளியே இல்லை என்று நினைத்த கதை.

நைட்ரேட் மட்டும் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. 20, 30, 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று ஏறி 50இல் போய் நின்றது. வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுகிறேன், ஏன் குறையவில்லை என்று எனக்குக் கோபம் வேறு. ஒரு நாள் அலுவலகத்தில் கூட்டம் ஒன்று இழுத்துக்கொண்டு போனபோது தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். வாரம் 5 பிபிஎம் ஏறுகிறது என்று வையுங்கள். பத்து சதவீதம் மாற்றினால் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு போகும். 20 இருக்கும்போது 2 போகிறது, 5 வருகிறது. 40 இருக்கும்போது 4 போகிறது, 5 வருகிறது. போவதும் வருவதும் எப்போது சமமாகும்? 50இல். அதாவது என் தொட்டி கெட்டுப்போகவில்லை, நான் போட்ட மீனுக்கும் தீனிக்கும் அது சேர வேண்டிய இடத்தில் ஒழுங்காகச் சேர்ந்து நின்றிருக்கிறது. 25க்கு இறக்க வேண்டுமென்றால் இரண்டு மடங்கு தண்ணீர் சுமக்க வேண்டும், இல்லை மீனைப் பாதியாக்க வேண்டும். நான் தண்ணீர் சுமப்பது என்று முடிவு செய்தேன். மீனைக் குறைப்பது என்ற யோசனை வந்த வேகத்தில் போய்விட்டது.

தண்ணீர் சுமப்பது என்றால் உண்மையிலேயே சுமப்பது. அப்போதெல்லாம் உம்லோட்டி கடற்கரையில் 25 லிட்டர் கேன்களில் பிடித்து வருவேன். துறைமுகப் பக்கம் எண்ணெய், உம்கேனி ஆற்று வாய்ப் பக்கம் சேறு. மழை பெய்து ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், கடல் ஏறி நிற்கிற நேரமாகப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மாமா. சொந்த மாமா இல்லை. புளூ லகூனில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர், நான் போனில் அம்மாவிடம் பேசியதைக் கேட்டு, "இன்னா தம்பி, இந்தியாவா?" என்று திரும்பினார். நாலு தலைமுறைக்கு முன்னால் வட ஆர்க்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய குடும்பம். இங்கே அவர் வயதுக்காரர்களிலேயே தமிழ் பேசுகிறவர்கள் குறைவு, அவர் பேசுவார், பாதி இங்கிலீஷ் கலந்து, எம்ஜிஆர் காலத்துக்கும் முந்திய ஒரு தமிழ். அவருடைய அப்பா, சித்தப்பா எல்லாரும் ஓய்ந்த நேரத்தில் கரைவலை இழுத்தவர்கள். ஜூன், ஜூலையில் தென்கரையில் சாளை கூட்டங்கூட்டமாகக் கரைக்கு வரும்போது ஊரே வாளியோடு ஓடும், அந்தக் கதைகளை எழுதினால் தனிப் பதிவு ஆகும். என் தொட்டியைப் பற்றி அவருடைய கருத்து ஒன்றே ஒன்று: "புடிச்சா துன்னணும் தம்பி. பாத்துகினே இருக்கிறதுக்கு டிவி இருக்குது."

டிசம்பர் 9

2019 டிசம்பர் 9, திங்கட்கிழமை. இந்த நாட்டில் முதல் முறையாக ஆறாம் நிலை மின்வெட்டு அறிவித்த நாள், நிலை ஏற ஏற வெட்டும் கூடும். மழை, நிலக்கரி நனைந்தது, ஏதோ ஒரு பெரிய நிலையத்தில் கடத்துபட்டைக் கோளாறு என்று செய்திகளில் ஓடியது. டர்பனில் டிசம்பர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். ராத்திரி மின்சாரம் போனபோது விழித்தேன், மின்விசிறி நின்றால் நம்மூர்க்காரனுக்குத் தூக்கம் போய்விடும். ஒரு மணிநேரம், இரண்டு மணிநேரம் மீன் தாங்கும் என்று தெரியும், அதற்கு முன்னாலும் தாங்கியிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து நடைவழி விளக்கு பளிச்சென்று எரிந்தது. சரி, வந்துவிட்டது என்று திரும்பிப் படுத்தேன். அறையில் விசிறி ஏன் சுற்றவில்லை என்று தூக்கக் கலக்கத்தில் கேட்டுக்கொள்ளக்கூட இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம், காற்று வந்தது.

இங்குள்ள வீடுகளில் பிளக் பாயிண்ட் எல்லாம், மின்கசிவு இருந்தால் தானே விழுகிற எர்த் லீக்கேஜ் என்கிற ஒரு சுவிட்சின் கீழ் இருக்கும், எங்கள் வீட்டில் விளக்குகள் அதில் சேராது. தொட்டிக்குப் பின்னால் தரையில் ஒரு மல்டிபிளக் கிடந்தது. உப்புத் தண்ணீர் வைத்திருக்கிறவர்கள் பார்த்திருப்பீர்கள், தொட்டி விளிம்பிலிருந்து, கம்பி வழியாக, குழாய் வழியாக வெள்ளையாக உப்பு பூத்துக்கொண்டே ஊர்ந்து வரும். அது மெதுவாகக் கம்பியைப் பிடித்து இறங்கி மல்டிபிளக்குக்குள் போயிருந்தது. மின்சாரம் திரும்பி வந்த நொடியில் சுவிட்ச் விழுந்துவிட்டது. விளக்கு எரிந்தது. பிளக்கில் இருந்த எதுவும் ஓடவில்லை.

காலையில் ஐந்தரைக்கு எழுந்தபோது எனக்கு உறைத்தது சத்தம் இல்லாதது. பம்ப்பின் அந்த ரீங்காரம் ஒன்றரை வருஷமாக வீட்டின் ஓர் ஆள் மாதிரி ஆகியிருந்தது. முன்னறைக்கு ஓடினேன். தண்ணீர் அசையாமல் கண்ணாடி மாதிரி நின்றது, மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். மேல் விளிம்பில் குரோமிஸ் மூன்று வாயை வாயைத் திறந்து காற்றை விழுங்கப் பார்த்தன. டாங் மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. சாகும்போது அதன் நீலம் போய்விடும் என்று எனக்குத் தெரியாது. சாம்பல் நிறத்தில், வேறு ஏதோ மீன் மாதிரி இருந்தது.

கடல் தண்ணீரில் 25 பாகை வெப்பத்தில் லிட்டருக்கு ஏழு மில்லிகிராம் ஆக்சிஜன்கூட நிற்காது, நன்னீரில் எட்டுக்கு மேல் நிற்கும். வெப்பம் ஏற ஏற இன்னும் குறையும். அந்தக் கொஞ்சத்துக்கு ராத்திரியில் எத்தனை பேர் போட்டி என்று பாருங்கள்: பதினாலு மீன், வெளிச்சம் இல்லாததால் ஆக்சிஜனைத் தருவதை விட்டுவிட்டு எடுக்க ஆரம்பிக்கிற பாசி, அப்புறம் பாறையிலும் ஃபில்டரிலும் இருக்கிற கோடிக்கணக்கான நுண்ணுயிர். அவையும் மூச்சு விட்டால்தான் அம்மோனியாவைத் தின்னும். அலை உடைகிற பாறை விளிம்பில், நுரையும் காற்றுமாக இருக்கிற தண்ணீரில் வாழ்கிற டாங்தான் முதலில் போனது.

நான் அடுத்துச் செய்ததை எழுதத்தான் கஷ்டமாக இருக்கிறது. சுவிட்சைத் தூக்கினேன், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டேன். என்னிடம் இருந்தது மூடிய வகை ஃபில்டர், காற்றுப் புகாத ஓர் உருளை. மூன்று, நாலு மணிநேரம் நின்றால் அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, உள்ளே இருக்கிற நுண்ணுயிர்கள் சாக ஆரம்பித்து, அழுக்கு அழுகத் தொடங்கும். அதைக் கழுவாமல் ஓட்டவே கூடாது. ஓட்டினேன். குழாயிலிருந்து மங்கலாக ஒரு தண்ணீர் தொட்டிக்குள் பாய்ந்தது, அழுகிய முட்டை நாற்றம். அந்த நேரம்வரை உயிரோடு இருந்த ஐந்தோ ஆறோ மீன்களை மின்வெட்டு கொல்லவில்லை, நான் கொன்றேன்.

மாமாவுக்குப் போன் போட்டேன். மீனைப் பற்றித் தெரிந்தவர் யார் என்று யோசித்தபோது அவர் முகம்தான் வந்தது. சாட்ஸ்வொர்த்திலிருந்து ஏழரைக்கு வந்துவிட்டார், கையில் ஒரு மஞ்சள் டப்பா. தூண்டில்காரர்கள் இரை மீனை வாளியில் உயிரோடு வைத்திருக்கப் பயன்படுத்துகிற பேட்டரி காற்றுப் பம்ப், உள்ளே இரண்டு பெரிய டார்ச் பேட்டரி. உள்ளே வந்ததும் மூக்கைச் சுருக்கினார். "மொதல்ல அத்த நிறுத்து" என்று ஃபில்டரைக் காட்டினார். கேனில் மிச்சம் இருந்த கடல் தண்ணீரை ஒரு வாளியில் ஊற்றி, காற்றுக் கல்லைப் போட்டு, இன்னும் அசைந்துகொண்டிருந்தவற்றை அதில் மாற்றினோம். கிளவுன் இரண்டும், கோபியும், ஒரு டாம்செல்லும் பிழைத்தன. மற்ற பத்தும் அன்று மாலைக்குள் போய்விட்டன. வண்ணாத்தியைப் பாறைக்குப் பின்னாலிருந்து எடுக்க, முழுப் பாறையையும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

எத்தினி பேரு வரிசையில

வேலைக்குப் போகவில்லை. மனைவி டீ போட்டுக் கொடுத்தாள், வாசல் படியில் நானும் மாமாவும் உட்கார்ந்தோம். "எத்தினி வச்சிருந்த?" என்றார். பதினாலு என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது, இடம் நிறைய இருந்தது மாமா, கணக்குப் போட்டுத்தான் வைத்தேன், அங்குலத்துக்கு எட்டு லிட்டர் என்று விளக்கினேன். அவர் சிரித்துவிட்டார். பத்து மீன் குப்பைப் பையில் கிடக்கிறது, இவர் சிரிக்கிறார் என்று எனக்கு எரிந்தது.

"நான் மேகசின் பேரக்ஸ்ல பொறந்தவன், தெரியுமா?" என்றார். தெரியும். டர்பன் நகராட்சியில் துப்புரவு வேலையும் சாலை வேலையும் செய்த இந்தியர்களை வைத்திருந்த குடியிருப்பு அது, கடற்கரைக்குப் பக்கம். பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். 1960களில் அதைக் காலி செய்து எல்லாரையும் சாட்ஸ்வொர்த்துக்கு ஏற்றினார்கள். "ஒரு ரூம்ல எட்டுப் பேரு. பாட்டி, அப்பா, அம்மா, நாங்க அஞ்சு. எடம் பத்தாம எவனும் சாவல தம்பி. ஒருத்தன் காலு இன்னொருத்தன் தலைல, தூங்கிடுவோம். சண்டை எல்லாம் கக்கூஸு முன்னால தான். எத்தினி பேரு படுக்கலாம்னு கணக்குப் போடாத. காலைல அஞ்சு மணிக்கு எத்தினி பேரு வரிசைல நிப்பான், அத்தப் போடு." டீயை ஒரு மடக்குக் குடித்தார். "கொழாயில தண்ணி வர்ற நாள்ல எவ்ளோ ஜனம்னே தெரியாது. ஒரு நாள் வரல பாரு, அப்பத் தெரியும்."

நான் அதுவரை படித்த எதிலும் இது இப்படிச் சொல்லப்படவில்லை. எல்லாரும் இடத்தைத்தான் பேசுகிறார்கள், எத்தனை லிட்டர், எத்தனை அங்குலம், நீந்த எத்தனை அடி. நீந்த இடம் வேண்டியதுதான், டாங்குக்கு ஆறடித் தொட்டி வேண்டும் என்பது சும்மா சொன்னதில்லை. ஆனால் என் மீன்கள் இடம் இல்லாமல் சாகவில்லை. சாதாரண நாளில் அந்தத் தொட்டி பதினாலையும் தாங்கியது, பம்ப் ஓடியது, நுண்ணுயிர் உழைத்தது, நான் தண்ணீர் சுமந்தேன். எதுவும் ஓடாத ஓர் இரவும் மறுநாள் காலை என் தவறும் சேர்ந்தபோது அது நாலைத்தான் தாங்கியது. அப்படியென்றால் அந்தத் தொட்டியின் கணக்கு நாலுதான். மிச்சம் பத்தும் மின்சாரத்தின் தயவில் இருந்தவை. கொஞ்சம் கடுமையான கணக்கு என்று தெரியும், நிறையப் பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். என் வீட்டில் இதுதான் சட்டம்.

அதற்குப் பிறகு மாற்றியவை நிறைய, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மூடிய ஃபில்டரைக் கொடுத்துவிட்டேன், கீழே திறந்த சம்ப் தொட்டியும், காற்றைக் குமிழியாக உறிஞ்சித் தண்ணீரைக் கடைகிற ஸ்கிம்மரும் வந்தன. மின்சாரம் போனால் தானே ஓடத் தொடங்குகிற பேட்டரிக் காற்றுப் பம்ப் ஒன்று. மல்டிபிளக் சுவரில் உயரத்துக்கு ஏறியது, கம்பிகள் எல்லாம் ஒரு தரம் கீழே தொங்கிவிட்டு மேலே ஏறும், வழிகிற உப்புத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். ஒரு மீன் விட்டால் அடுத்தது ஒரு மாதத்துக்குப் பிறகு, ஏனென்றால் கூடுதலாக வருகிற அம்மோனியாவுக்கு நுண்ணுயிர்கள் பெருக நேரம் வேண்டும். அவை ஒரு மடங்கு இரு மடங்காக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்கிற சோம்பேறிகள், ஒரே நாளில் நாலு மீன் விட்டால் அவற்றுக்கு என்ன தெரியும்.

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கடல் தண்ணீர் எடுப்பதும் நின்றது. நானூறுக்கு மேற்பட்டவர்கள் செத்த வெள்ளம் அது, தொட்டித் தண்ணீரைப் பற்றிப் பேசுவதே கூச்சமாக இருக்கிறது. ஆனால் கழிவுநீர் நிலையங்கள் உடைந்து, கடற்கரைகளை ஈ.கோலை காரணமாக மாதக்கணக்கில் மூடியபோது, காற்றும் பார்த்து மழையும் பார்த்து நான் சுமந்த அந்த இலவசத் தண்ணீர் இனி கிடையாது என்று ஆனது. மாமா சொன்ன குழாய் மாதிரி, கடலிலும் ஒரு நாள் தண்ணீர் வரவில்லை. அன்றிலிருந்து ஆர்ஓ தண்ணீரில் உப்புக் கலக்கிறேன், ஆயிரத்துக்கு 35 உப்பு. இதில் ஒரு நல்லது, ஒரு லிட்டருக்கு எவ்வளவு செலவு என்று தெரிந்ததும் மனிதன் தானாகவே மீனைக் குறைக்கிறான். (கடல் தண்ணீர் இலவசமாகக் கிடைத்த காலத்தில், ஆவியாகிக் குறைந்ததையும் கடல் தண்ணீராலேயே நிரப்பிக்கொண்டிருந்த மகான் நான். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே இருக்கும் என்று எட்டாம் வகுப்பில் படித்தது. அடர்த்தி 1.030 வந்தபோது அளவுமானி பழுது என்று நினைத்தேன்.)

அந்தப் பையனுக்கு நான் என்னதான் பதில் போட்டேன் என்றால், ஒரு கேள்வியைத்தான். "ராத்திரி கரண்ட் போனா எத்தனை மணிநேரம் தாங்கும்?" ஐந்து நிமிடத்தில் வந்தது: "இன்வர்ட்டர் இருக்கு அண்ணா. அதோட இப்பல்லாம் கரண்ட் எங்க போகுது?" அதுவும் நியாயம்தான். 2024 மார்ச்சுக்குப் பிறகு மின்வெட்டு ஏறக்குறைய நின்றுவிட்டது, 2025இல் சில நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மின்வெட்டு மாதக்கணக்கில் நீண்ட காலத்தை அவன் பார்த்தவன் இல்லை. அவனிடம் உப்பு பூக்கிற கதையையும் எர்த் லீக்கேஜ் கதையையும் போனில் சொன்னேன், இன்வர்ட்டருக்கும் தொட்டிக்கும் நடுவில் இருப்பது அதே மல்டிபிளக்தானே என்று கேட்டேன். "ம்ம்" என்றான். ஒன்பதைப் பத்தாக்கினானா என்று நான் கேட்கவில்லை. என் பதினாலாவது மீனை வாங்கும்போது என்னிடம் யார் வந்து சொல்லியிருந்தாலும் நானும் "ம்ம்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

நான் இப்போது மாதம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், எல்லாப் பம்ப்பையும் அணைத்துவிட்டு எதிரில் நாற்காலி போட்டு அரை மணிநேரம் உட்காருகிறேன். மீன்கள் எங்கே போகின்றன, செவுள் எவ்வளவு வேகமாக அடிக்கிறது, எது முதலில் மேலே வருகிறது என்று பார்ப்பேன். யாரும் வராவிட்டால் சரி. அந்த அரை மணிநேரத்தில் வீடு ரொம்ப அமைதியாக இருக்கும், மனைவிக்கு அது பிடிக்காது, உள்ளேயிருந்து "போட்டுட்டீங்களா?" என்று இரண்டு தரம் கேட்பாள்.

போன தடவை மாமா வந்திருந்தார். எழுபத்தேழு வயது, தூண்டிலுக்குப் போவது குறைந்துவிட்டது, அந்த மஞ்சள் டப்பா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டேன். 2019இல் பிழைத்த கிளவுன் இரண்டும், அதே கோபியும், பிறகு வந்த ஒரு கோரல் பியூட்டியும், ஒரு ஃபயர்ஃபிஷும் அசையாத தண்ணீரில் சாவகாசமாகத் திரிந்துகொண்டிருந்தன. மாமா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, இவ்ளோ பெரிய தொட்டி. அஞ்சுதானா?"